இரைப்பைப் புற்றுநோயும் நுண்துளை அறுவையும்: கத்தி நுழையும் வழியும் உள்ளே நடக்கும் வேலையும்

யாங்கோனில் எங்கள் பெரியம்மாவுக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் இருப்பது எண்டோஸ்கோப்பியிலும் திசுப் பரிசோதனையிலும் உறுதியான அன்று மாலையே வீட்டில் பேச்சு பணத்தின் பக்கம் திரும்பிவிட்டது. பாங்காக்கில் ரோபோ வைத்துச் செய்கிறார்களாம், சென்னையில் நான்கைந்து துளைகளோடு முடித்து ஒரே வாரத்தில் அனுப்பிவிடுகிறார்களாம், இங்கேயே செய்தால் வயிற்றை நெடுகக் கிழிப்பார்களாம் என்று வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நகையை விற்பதா, புறநகரில் வாங்கிப்போட்ட மனையை விற்பதா என்று அண்ணன் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். "வயித்தைக் கிழிக்காமச் செய்ய முடியும்னா எவ்வளவு ஆனாலும் செஞ்சிட வேண்டியதுதானே, தம்பி?" என்று என்னைக் கேட்டார். மருத்துவமனைத் தாள்களை ஆங்கிலத்திலிருந்தும் பர்மியத்திலிருந்தும் படித்துச் சொல்வது உறவினருக்குள் என் பொறுப்பாகவே ஆகிவிட்டது என்றாலும், அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அதன்பின் வந்த வாரங்களில் படித்ததையும் சயாமாவிடம், அதாவது பெண் மருத்துவரிடம், கேட்டுத் தெளிந்ததையும் வைத்து எழுதுவது இது.

இரைப்பைப் புற்றுநோய்க்கான அறுவையில் மூன்று வேலைகள் இருக்கின்றன. கட்டியை, அதைச் சுற்றி நோயில்லாத திசு போதுமான அளவு இருக்கும்படி வெட்டி எடுப்பது முதல் வேலை. இரைப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்களை ஒட்டிக் கிடக்கும், புற்று முதலில் பரவக்கூடிய நிணநீர் முடிச்சுகளைக் கொத்தோடு எடுப்பது இரண்டாவது. மிஞ்சிய இரைப்பையையோ, முழுவதும் எடுத்துவிட்டால் உணவுக்குழாயையோ, குடலோடு இணைத்து உணவுக்குப் பாதை அமைப்பது மூன்றாவது. வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1881 ஜனவரியில் புற்றுநோய் கண்ட இரைப்பைப் பகுதியை வெற்றிகரமாக அகற்றினார். அன்றிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலைகள் எல்லாம் வயிற்றைத் திறந்தே நடந்தன. 1991ல் ஜப்பானில் செய்கோ கிடானோவின் குழு, தொடக்கநிலைப் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பியின், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் நுண்துளை முறையின், துணையோடு இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றியது. அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் பீட்டர் கோ, புற்றுநோய்க்காக அல்ல, புண்ணுக்காக, வெட்டுவதையும் இணைப்பதையும் வயிற்றுக்குள்ளேயே வைத்து முடித்துக் காட்டினார். நம்மவர்கள் ஏதோ மேல்நாட்டு வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கும் இந்த முறை ஆசியாவில் பிறந்து ஆசியாவிலேயே வளர்ந்தது.

நுண்துளை முறையில் நடப்பது இதுதான். முழு மயக்கம் கொடுத்தபின் தொப்புளருகே சிறு துளையிட்டு வயிற்றறைக்குள் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். அந்த வாயு தீப்பற்றாது, இரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடாரத்தைத் தூக்கி நிறுத்தியதுபோல வயிற்றுச் சுவர் எழும்பி நிற்க, ஐந்து மில்லிமீட்டர், பன்னிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள குழாய்கள் பெரும்பாலும் ஐந்து இடங்களில் நுழைக்கப்படுகின்றன. ஒன்றில் கேமரா, மற்றவற்றில் பிடிக்கும் இடுக்கிகள், ஒலியதிர்வினால் வெட்டிக்கொண்டே இரத்தக் கசிவை அடைக்கும் கத்தரி, ஸ்டேப்ளர். வெட்டிய இரைப்பையைப் பையிலிட்டு, தொப்புள் துளையைச் சில சென்டிமீட்டர் அகலப்படுத்தி வெளியே எடுக்கிறார்கள். துளை மட்டுந்தான், கீறல் என்பதே இல்லை என்று எண்ணுவது தவறு. எழுந்தபின் தோள்பட்டையில் ஒன்றிரண்டு நாள் வலி இருக்கும். உள்ளே செலுத்திய வாயு உதரவிதானத்தைச் சீண்டுவதால் வருவது அது. வயிற்றில் செய்த அறுவைக்குத் தோள் வலிப்பானேன் என்று பலர் பயந்துவிடுகிறார்கள்.

கையால் தொட்டுப் பார்க்க முடியாமை இந்த முறையின் உண்மையான குறை. வயிற்றைத் திறந்தால் கட்டி எங்கே முடிகிறது என்று விரல் சொல்லிவிடும். சிறிய கட்டி கேமராவில் வெளிப்புறமிருந்து தெரிவதே இல்லை. அதனால் முன்கூட்டியே எண்டோஸ்கோப்பி வழியாகக் கட்டியைச் சுற்றி உலோகக் கிளிப் மாட்டியோ மை ஏற்றியோ வைக்கிறார்கள், அல்லது அறுவையின்போதே எண்டோஸ்கோப்பியை மீண்டும் உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். ஜப்பானிய நெறிமுறை, சுவரை ஊடுருவிப் பரவும் வகைக் கட்டிக்கு மேலே ஐந்து சென்டிமீட்டரும், திரண்டு வளரும் வகைக்கு மூன்று சென்டிமீட்டரும் இடைவெளி விடச் சொல்கிறது. அந்த இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் சில வேளைகளில் இரைப்பையில் ஒரு பகுதியைக் காப்பாற்றுவதா, முழுவதையும் எடுப்பதா என்பதையே தீர்மானித்துவிடும்.

நிணநீர் முடிச்சுகள்தான் இந்த அறுவையின் நடுநாயகம். இரைப்பையை ஒட்டிய முடிச்சுகளை மட்டும் எடுப்பது முதல் படி. கல்லீரலுக்குப் போகும் தமனி, மண்ணீரலுக்குப் போகும் தமனியின் தொடக்கம், இரண்டும் கிளைக்கும் அடித்தண்டு ஆகியவற்றை ஒட்டிய முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பது இரண்டாம் படி, அதாவது 'டி2'. இந்த இரண்டாம் படி தேவைதானா என்று கிழக்கும் மேற்கும் நெடுங்காலம் வழக்காடின. நெதர்லாந்து ஆய்வில் முதலில் டி2 தோற்றதுபோலத்தான் தெரிந்தது. மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் கூடவே எடுத்ததால் அறுவையை ஒட்டிய இறப்பு 10 விழுக்காடாக இருந்தது, முதல் படியில் அது 4 விழுக்காடுதான். ஆனால் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2010ல் பார்த்தபோது, இரைப்பைப் புற்றுநோயால் இறந்தோர் முதல் படியில் 48 விழுக்காடு, டி2வில் 37 விழுக்காடு. இன்று மண்ணீரலைத் தொடாமல் டி2 செய்வதே பொது வழக்கம். கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டி, துடிக்கும் தமனியின் மீதிருந்து கொழுப்பையும் முடிச்சுகளையும் உரித்தெடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அறுவை நிபுணரின் கை தெரியும். நுண்துளையோ திறந்த வயிறோ, அந்த ஒரு மணி நேரத்துக்குக் குறுக்குவழி கிடையாது.

சரி, நுண்துளையில் அதே வேலையை அதே முழுமையோடு செய்ய முடிகிறதா? தொடக்கநிலை நோய்க்கு விடை தெளிவாகவே வந்துவிட்டது. கொரியாவில் 1,416 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வில் ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தோர் லேப்ராஸ்கோப்பியில் 94.2 விழுக்காடு, திறந்த முறையில் 93.3 விழுக்காடு. பக்கச்சிக்கல்களோ 13 விழுக்காட்டுக்கு 19.9 என்ற அளவில் லேப்ராஸ்கோப்பியில் குறைவாக இருந்தன. வெட்டுக்காயம் சீழ்ப்பிடிப்பது, பிரிந்துகொள்வது போன்றவை குறைந்ததே அதற்கு முக்கியக் காரணம். ஜப்பானில் 921 பேரிடம் செய்த ஆய்வும், ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் 95.1க்கு 94 என்று ஏறக்குறைய அதே விடையைத் தந்தது. ஆகவே நோய் முதல் நிலையில், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருந்தால் லேப்ராஸ்கோப்பியைத் தேர்வதில் தயங்க வேண்டியதில்லை.

சுவரை ஊடுருவி வளர்ந்துவிட்ட நோய்க்கு விடை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. சீன ஆய்வில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். மூன்றாண்டு நோயின்றி இருந்தோர் லேப்ராஸ்கோப்பியில் 76.5, திறந்த முறையில் 77.8 விழுக்காடு. 1,050 பேர் கொண்ட கொரிய ஆய்வில் 80.3க்கு 81.3. ஜப்பானிய ஆய்வில் ஐந்தாண்டுக் கணக்கு 73.9க்கு 75.7. மூன்றிலும் திறந்த முறை ஒரு நூலளவு மேலே நிற்பதைக் கண்டு ஐயப்படுவோர் இருக்கிறார்கள். ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாக வரக்கூடிய அளவுக்குள்தான் இருக்கிறது, லேப்ராஸ்கோப்பி திறந்த முறைக்குக் குறைந்ததல்ல என்றே மூன்று ஆய்வுகளும் முடிவு கட்டின. ஆறுதலான செய்திதான். அதே சமயம், வயிற்றைத் திறந்து செய்தால் ஆயுள் குறைந்துவிடும் என்று அஞ்சுவோருக்கு இந்த எண்கள் சொல்லும் மறுபக்கமும் உண்டு: திறந்த முறையில் செய்துகொண்டவர்கள் உயிர்வாழ்வதில் எதையும் இழக்கவில்லை.

இந்த ஆய்வுகளில் கத்தி பிடித்தவர்கள் யார் என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கொரிய ஆய்வுகளில் சேர்வதற்கே அறுவை நிபுணர் இரு முறைகளிலும் தலா ஐம்பது இரைப்பை அறுவையாவது முடித்திருக்க வேண்டும். வளர்ந்த நோய்க்கான இரண்டாவது ஆய்வில் சேர விரும்பியவர்கள் வெட்டி ஒட்டாத முழு வீடியோக்களை அனுப்பி, மற்ற நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே அனுமதிக்கப்பட்டார்கள். அப்படிப் பொறுக்கி எடுத்த கைகளின் விளைவை, மாதத்துக்கு ஒரு இரைப்பை அறுவை நடக்கும் மருத்துவமனையின் விளம்பரப் பலகைக்கு மாற்றிப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

நெதர்லாந்தில் 227 பேரிடம் நடந்த லாஜிக்கா ஆய்வு இன்னொரு பாடம். அங்கே இரத்தச் சேதம் லேப்ராஸ்கோப்பியில் பாதியாகக் குறைந்தது, எடுத்த முடிச்சுகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் மருத்துவமனையில் தங்கிய நாளும் இரு பிரிவிலும் ஏழாகவே இருந்தது. சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதுதான் நுண்துளைக்குச் சொல்லப்படும் முதல் சிறப்பு, அது அங்கே காணாமல் போனது எப்படி? இரு பிரிவினரையும் அறுவைக்குப் பிறகு விரைவில் எழுப்பி நடக்க வைத்து, விரைவில் வாய்வழி உணவு கொடுத்து, வலியை ஒழுங்காக அடக்கியதால், பெரிய வெட்டுடையவர்களும் சிறிய துளையுடையவர்களோடு சேர்ந்தே எழுந்துவிட்டார்கள். அறுவையான பெரியவரை அசையவிடாமல் பத்து நாள் படுக்க வைத்துக் கஞ்சி ஊட்டுவதைப் பாசம் என்று நினைக்கும் நம் வீடுகளில் இந்த ஆய்வை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது வேலையான இணைப்பில்தான் நுண்துளை முறைகளுக்குள்ளேயே வேறுபாடுகள் தோன்றுகின்றன. பழைய வழியில் முடிச்சுகளை லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிட்டு, மார்பெலும்புக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் அளவில் திறந்து, அதன் வழியே கையால் இணைப்பார்கள், இது துணைமுறை. பருத்த உடலில் அந்தச் சிறு வாசல் வழியே இரைப்பையையும் குடலையும் இழுத்து வைத்துத் தைப்பது பெரும் போராட்டம். ஸ்டேப்ளரைக் கொண்டு எல்லாவற்றையும் உள்ளேயே இணைப்பது முழு லேப்ராஸ்கோப்பி முறை. 2002ல் ஜப்பானில் கானாயா விவரித்த, முக்கோண வடிவில் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் இணைக்கும் உத்தி இதை எளிதாக்கியது. கீழ்ப்பகுதி அறுவைக்கு இரண்டும் நன்றாகவே நடக்கின்றன. இரைப்பை முழுவதையும் எடுக்கும்போது நிலைமை வேறு: உணவுக்குழாயின் நுனி மார்புக்கூட்டின் அடியில் ஆழத்தில் இருக்கிறது, அங்கே குடலைக் கொண்டுபோய் இணைக்க வேண்டும், அங்கே கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. தொடக்கநிலை நோயில் முழு இரைப்பை அகற்றலை ஒப்பிட்ட சீன ஆய்வு சிக்கல்கள் லேப்ராஸ்கோப்பியில் 18.1, திறந்த முறையில் 17.4 விழுக்காடு என்று காட்டியது. தேர்ந்த கைகளில் சமம் என்று கொள்ளலாம். கீழ்ப்பகுதி அறுவையை நுண்துளையில் செய்பவர் முழு அகற்றலையும் அப்படியே செய்வார் என்று மட்டும் நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி அண்ணனின் கனவில் வந்த ரோபோ. தானே அறுவை செய்யும் இயந்திரம் என்று நம் வீட்டில் பாதிப் பேர் எண்ணியிருந்தார்கள். அறுவை நிபுணர் சற்றுத் தள்ளி ஒரு மேசையின்முன் அமர்ந்து முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைகளை அசைக்க, நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கும் கருவிகள் அந்த அசைவைப் பின்பற்றுகின்றன. இயந்திரமாக ஒன்றும் முடிவெடுப்பதில்லை. சாதாரண லேப்ராஸ்கோப்பிக் கருவி நீண்ட குச்சிபோல நேராக இருக்கும், ரோபோக் கருவிக்கு மணிக்கட்டுபோல வளையும் மூட்டு உண்டு, கை நடுக்கமும் வடிகட்டப்பட்டுவிடும். கணையத்தை அழுத்தாமல் அதன் மேல்விளிம்பில் வேலை செய்ய இது உதவும் என்பது எதிர்பார்ப்பு. 2016ல் வெளியான கொரியப் பன்மருத்துவமனை ஒப்பீட்டில் சிக்கல்கள் ரோபோவில் 11.9, லேப்ராஸ்கோப்பியில் 10.3 விழுக்காடு, நேரம் 221 நிமிடத்துக்கு 178, செலவு ஏறத்தாழ 13,400 டாலருக்கு 8,100 டாலர். பிற்பாடு 2021ல் வந்த இரு குலுக்கல் ஆய்வுகள் ரோபோவின் பக்கம் சாய்ந்தன: சீனாவில் சிக்கல்கள் 9.2க்கு 17.6, ஜப்பானில் மருந்து தேவைப்படும் அளவிலான சிக்கல்கள் 8.8க்கு 19.7 விழுக்காடு. ஆனால் ஜப்பானிய ஆய்வு முதன்மையாகத் தேடியது வயிற்றுக்குள் சீழ்ப்பிடிப்பு குறைகிறதா என்பதைத்தான், அதில் வேறுபாடு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பான் 2018லேயே இதைத் தேசியக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. காப்பீடு கொடுக்கும் நாட்டில் ரோபோவைத் தேர்வதும், மனையை விற்றுத் தேர்வதும் ஒரே முடிவாகாது. லேப்ராஸ்கோப்பி நன்றாகத் தெரிந்தவர் கிடைத்திருக்க, ரோபோவுக்காகக் கடன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தொப்புள் வழியாக ஒரே துளையில் முடிக்கும் முறையும் உண்டு. தழும்பு மறையும் என்பதைத் தாண்டி நோயாளிக்குப் பெரிய நன்மை அதில் எனக்குத் தெரியவில்லை. பச்சை நிற ஒளிர்சாயத்தை முந்தின நாள் இரைப்பைச் சுவரில் செலுத்தி, முடிச்சுகள் கேமராவில் ஒளிர்வதைப் பார்த்து எடுக்கும் உத்தி அதைவிடப் பயனுள்ளது. சீன ஆய்வொன்றில் அதனால் எடுத்த முடிச்சுகளின் சராசரி 42லிருந்து 50.5 ஆக உயர்ந்தது.

துளையே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. உள்சவ்வுக்குள்ளேயே அடங்கிய, இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத, புண்ணாகாத, சில வகைத் தொடக்கநிலைக் கட்டிகளை வாய்வழி எண்டோஸ்கோப்பியாலேயே அடியோடு உரித்தெடுத்துவிடலாம். கொரியாவில் நாற்பது வயதைத் தாண்டியவர்களை இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதிக்கும் அரசுத் திட்டம் இருப்பதால் அத்தகைய கட்டிகள் அங்கே நிறையவே கிடைக்கின்றன. பர்மாவில் அப்படிப்பட்ட திட்டம் இல்லை. எரிச்சலுக்கு மாத்திரை, வாயுவுக்குக் கஷாயம் என்று மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, எடை குறைந்து, உணவு இறங்காமல் போனபிறகுதான் நம்மவர்கள் எண்டோஸ்கோப்பிக்குப் போகிறார்கள். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவும், இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிக்கோபாக்டர் கிருமியும் இந்நோய்க்கு வழிவிடுபவை. உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுதான ஙப்பி இல்லாமல் சோறு இறங்காத ஊரில் இதைச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

தாமதமாக வருபவர்களுக்கு மிகப் பயன்படும் நுண்துளை அறுவை எது என்று சயாமாவைக் கேட்டபோது அவர் சொன்ன பதில் நான் எதிர்பாராதது: எதையும் வெட்டி எடுக்காத ஒன்று. இரண்டு மூன்று துளைகள் வழியாகக் கேமராவை விட்டு, வயிற்றறைச் சவ்வு, கல்லீரலின் மேற்பரப்பு, அடிவயிற்றின் பள்ளம் எல்லாவற்றையும் பார்த்து, உப்புநீர் ஊற்றிக் கழுவி எடுத்து அதில் புற்றணுக்கள் இருக்கின்றனவா என்று சோதிப்பது. கடுகளவு, அரிசியளவு பரவல்கள் சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போகக்கூடியவை. கேமராவில் கண்முன் நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் கழுவிய நீரில் அணுக்கள் இருந்தால் அது நான்காம் நிலையாகவே கணக்கிடப்படுகிறது. அந்நிலையில் இரைப்பையை எடுப்பதால் பொதுவாக ஆயுள் நீள்வதில்லை, மருந்துச் சிகிச்சைதான் முதலிடம். அதாவது ஒரு மணி நேரத்துக்குள் முடியும் இந்தச் சிறு நோட்டம், தேவையற்ற ஒரு பெரிய அறுவையையும் அதற்கான வெளிநாட்டுப் பயணத்தையும் தடுத்துவிடக்கூடும். ரோபோவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேசினோம். இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நம் ஊர்ச் சூழலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நுண்துளை அறுவை முழுக்க மின்சாரத்தை நம்பியிருக்கிறது: கேமரா, வாயு செலுத்தும் கருவி, திரை, வெட்டும் கத்தரி எல்லாமே. யாங்கோனின் மின்வெட்டு நேரங்களை மனப்பாடமாகச் சொல்லும் நமக்கு, ஜெனரேட்டர் மாறும் நொடியில் திரை இருண்டுபோனால் என்ன என்ற கேள்வி வேடிக்கையானதல்ல. அதைக் கேட்டால் மருத்துவர்கள் கோபித்துக்கொள்வதும் இல்லை. ஒவ்வோர் அறுவையிலும் பல ஸ்டேப்ளர் தோட்டாக்கள் செலவாகும், அவை இறக்குமதிப் பொருள். 2021 ராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு அரசு மருத்துவமனைகளை விட்டு மருத்துவர்கள் பலர் போய்விட்டதால், கேட்கவேண்டிய ஆளைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. வெளிநாட்டுக்குப் போனால் இவை தீரும், ஆனால் கசிவோ அடைப்போ பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தலைகாட்டினால் விமானம் ஏறித் திரும்பிவந்த பிறகு யாரிடம் ஓடுவது என்பதும் உண்டு. அதோடு, ஓரளவு வளர்ந்த நோய்க்கு அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ கொடுப்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. 2019ல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், முன்பு நான்கு பின்பு நான்கு சுற்றாக நான்கு மருந்துகள் கொடுத்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம், பழைய மருந்துத் தொகுப்பின் 35 மாதத்திலிருந்து 50 மாதமாக உயர்ந்தது. துளையின் அளவை மாற்றி இப்படியொரு பலனை எந்த ஒப்பீடும் காட்டியதில்லை. கையிலிருக்கும் பணம் முழுவதும் ரோபோவுக்குப் போய்விட்டால் கீமோவின் ஐந்தாம் சுற்றுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டபோதுதான் அண்ணன் கணக்குத் தாளைக் கீழே வைத்தார்.

பெரியம்மாவுக்கு முதலில் அந்த நோட்டம் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி நடந்தது. சவ்வு சுத்தமாக இருந்தது, கழுவிய நீரிலும் ஒன்றும் இல்லை. நான்கு சுற்றுக் கீமோவுக்குப் பிறகு யாங்கோனிலேயே, வாரந்தோறும் இரைப்பை அறுவை செய்கிற ஒருவர் கையால், வயிற்றைத் திறந்து, டி2 முறையில் அறுவை நடந்தது. மேல்வயிற்றிலிருந்து தொப்புளைச் சுற்றி இறங்கும் தையலைக் கண்டு அண்ணன் முதலிரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்று வாரத்தில் திசு அறிக்கை வந்தபோது அவரை உட்கார வைத்து ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டினேன்: வெட்டு விளிம்புகளில் புற்று இல்லை, ஆராய்ந்த முடிச்சுகள் 31, புற்று கண்டவை 2. நோயின் நிலையை நம்பிச் சொல்ல முடிச்சுகள் பதினாறாவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை. அவருக்கு அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. துளையின் எண்ணிக்கை அந்த அறிக்கையில் எங்கும் இல்லை. அண்ணன் 31ஐயும் 2ஐயும் பென்சிலால் வட்டமிட்டு, கீமோவின் மீதி நான்கு தேதிகளை அதற்குக் கீழே எழுதிக்கொண்டார். பெரியம்மா அப்போது ஆறாம் முறையாக அன்றைய உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அரைக் கிண்ணம் மொகிங்கா நூடுல்ஸ், மீன் குழம்பு குறைத்து.